பொன்னாடைப் பயிலரங்கும் கைவிட்டுப் போன பணமும்

பாம்பனிலிருந்து பிஎச்டிக்குப் போன எனக்கு, தேடுவது எப்படி, சரிபார்ப்பது எப்படி, எங்கே அனுப்புவது என்று முதல் மாதமே யாராவது உட்காரவைத்துச் சொல்லியிருந்தால் கிட்டத்தட்ட 18,000 ரூபாயும் முழுசாக ஒரு வருடமும் மிச்சமாகியிருக்கும். கால நீட்டிப்புக்குக் கட்டிய பணம் இந்தக் கணக்கில் சேராது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு முடிந்து பட்டமும் கைக்கு வந்துவிட்டதால் இப்போது தைரியமாக எழுதுகிறேன். ராமநாதபுரம், கீழக்கரை, தொண்டி, மண்டபம் பக்கமிருந்து வீட்டிலேயே முதல் ஆளாக ஆய்வுக்குச் சேருகிற தம்பி தங்கைகளுக்குத்தான் இது. சென்னையில் பெரிய கல்வி நிறுவனத்தில் படிக்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதையாகவே இருக்கும்.

என் தலைப்பு, கடல் பாசி எடுக்கும் பெண்களின் வருமானம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு, தீவுகளைச் சுற்றிப் பாசி எடுக்கப் போகிறவர்களுக்குக் கெடுபிடி கூடியது. அது அவர்களுடைய வரவு செலவை என்ன செய்தது என்பதுதான் என் கேள்வி. அம்மா, சின்னம்மா இரண்டு பேருமே பாசிக்குப் போனவர்கள். விரல்களில் துணியைச் சுற்றி, கண்ணாடியை மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு அவர்கள் இறங்குவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். அதனால் களப்பணியில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. போன வீட்டிலெல்லாம் டீ கொடுத்து உட்காரவைத்துப் பேசினார்கள். கஷ்டம் முழுக்க நூலகத்தில்தான்.

சேர்ந்த வருடமே நூலகம் சார்பில் ஆய்வுத் திறன் பயிலரங்கு ஒன்று நடந்தது. குத்துவிளக்கு, வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் முடியவே பதினொன்றரை ஆகிவிட்டது. வந்திருந்த பேராசிரியர் விஷயம் தெரிந்தவர், அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் அரங்கு நிறைய ஆட்கள், நெட் வரவில்லை. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தருகிற கூகுள் ஸ்காலர் பக்கத்தைப் படமாகப் பிடித்துத் திரையில் போட்டு விளக்கினார், பின்வரிசையில் இருந்த எங்களுக்கு எழுத்தே தெரியவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு தரவுத்தளங்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நாலு மணிக்குச் சமோசா, கருத்துப் படிவம், சான்றிதழ். அன்றைக்கு அந்த அரங்கில் ஒருவர்கூடத் தன் சொந்தத் தலைப்பைப் போட்டு ஒரே ஒரு தடவை தேடிப் பார்க்கவில்லை. இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவான யூஜிசி 2019 இறுதியில் எல்லா பிஎச்டி மாணவர்களுக்கும் ஆய்வு, வெளியீட்டு நெறிமுறைகள் பற்றி ஒரு தாளைக் கட்டாயமாக்கியது. 2 கிரெடிட், 30 மணி நேரம், அதில் பாதி செய்முறை என்று பாடத்திட்டமே சொல்கிறது. எங்களுக்கு அந்தப் பாதியும் நோட்ஸாகத்தான் வந்தது. எழுதி, மனப்பாடம் செய்து, பரீட்சை எழுதிப் பாஸும் ஆனோம்.

அப்புறம், தலைப்பில் முன்னால் வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் இலக்கிய மீளாய்வு அத்தியாயம் வந்தது. கூகுளில் போட்டால் முதலில் வந்ததெல்லாம் செய்திகள். எங்கள் பக்கத்தில் பாசி எடுக்கும் இலட்சுமி மூர்த்திக்கு 2015இல் சீகாலஜி என்ற தீவுப் பாதுகாப்பு அமைப்பின் விருது கிடைத்தபோது வந்த செய்திகள், வீடியோக்கள், அதையே திரும்ப எழுதிய கட்டுரைகள். படிக்கப் பெருமையாக இருந்தது, அத்தியாயத்துக்கு உதவவில்லை. ஆய்வுக் கட்டுரை என்று ஏதாவது கண்ணில் பட்டால், திறப்பதற்கு டாலரில் பணம் கேட்டது. ஆய்வு வழிகாட்டியான கைடிடம் கேட்டேன். "தேடும்மா, கிடைக்கும்" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருக்குக் கீழ் அத்தனை பேர். கடைசியில் ஒரு சீனியர் மதுரையில் ஓர் ஆளின் நம்பரைக் கொடுத்தார். தலைப்பைச் சொன்னால் நூறு கட்டுரை எடுத்துத் தருவாராம். 6,000 ரூபாய். பென்டிரைவில் வந்தது. திறந்து பார்த்தால் பாதிக்கு மேல் பாசியிலிருந்து மருந்து எடுப்பது, பாசிச் சாற்றின் வேதியியல், ஜப்பான், பிலிப்பைன்ஸ். பாசி எடுக்கிற மனிதர்களைப் பற்றி ஏழெட்டுதான் தேறியது. மிக அவசியம் என்று தோன்றிய ஒன்றை மட்டும் அண்ணனின் கார்டை வைத்து 3,000 சொச்சம் கொடுத்து நானே வாங்கினேன். அதன் இலவசப் பிரதி எழுதியவருடைய நிறுவனத்தின் இணையக் களஞ்சியத்திலேயே கிடந்தது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது.

இதில் சிரிப்பு என்னவென்றால், எனக்கு வேண்டியதில் பெரும்பகுதி பாலத்தைத் தாண்டினால் இருக்கிற மண்டபத்தில்தான் இருந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கியது. பல வருடங்கள் அதன் தலைமையிடமே மண்டபம் முகாமில் இருந்து, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அந்த நிறுவனம் தன் வெளியீடுகளை ஈபிரிண்ட்ஸ் என்ற களஞ்சியத்தில் யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறது. பழைய அறிக்கைகள், தகவல் இதழ்கள், கடல் மீனவர் கணக்கெடுப்பு எல்லாம் உண்டு. 2010 கணக்கெடுப்பின் தமிழ்நாட்டுப் பகுதியில் ஊர் வாரியாகவே விவரம் இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்களின் ஊர்களை நான் சைக்கிளில் போய் எண்ணிக்கொண்டிருந்தேன்!

இதை எனக்குக் காட்டியவர் வேறொரு கல்லூரியின் நூலகர். ஒரு கருத்தரங்குக்குப் போன இடத்தில் பேச்சு வாக்கில் நான் பட்ட பாட்டைச் சொன்னேன். சனிக்கிழமை மத்தியானம் அவர் தன் கல்லூரிப் பிள்ளைகள் சிலரை வைத்து உட்காருவார், நீயும் வா என்றார். பேனர் இல்லை, விளக்கு இல்லை, நாலைந்து பேர், ஒரு மேஜை. "உன் தலைப்பை ஒரே வரியில சொல்லு பாப்போம்" என்றார். சொன்னேன். ஒரு தாளை எடுத்து மூன்றாக மடிக்கச் சொன்னார். முதல் பத்தியில் பொருள், அடுத்ததில் இடம், கடைசியில் ஆட்கள். ஒவ்வொன்றின் கீழும் அதற்கு வேறு யார் யார் என்னென்ன சொல்லை எழுதியிருப்பார்கள் என்று யோசித்து எழுது என்றார்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நாங்கள் மரிக்கொழுந்துப் பாசி என்பதை ஆய்வாளர்கள் ஜெலிடியெல்லா அசரோசா என்று எழுதுகிறார்கள். கஞ்சிப் பாசிக்கு கிராசிலேரியா எடுலிஸ், கட்டக்கோரைக்கு சர்காசம். இடப் பத்தியில் ராமநாதபுரம் மட்டும் போட்டால் பழையது எதுவும் வராது, ராம்நாட் என்றும் போட வேண்டும். பாம்பனுக்கும் மன்னாருக்கும் ஆங்கிலத்தில் ஆளாளுக்கு ஒரு எழுத்துக்கூட்டல். ஆட்கள் பத்தியில் 'மீனவப் பெண்கள்' என்பதோடு 'சேகரிப்போர்', 'வாழ்வாதாரம்' என்பதற்கெல்லாம் ஆங்கிலச் சொற்கள். ஒரு பத்திக்குள் இருக்கிற மாற்றுச் சொற்களை 'ஆர்' (OR) போட்டுச் சேர்க்கணும், இரண்டு சொல் சேர்ந்தே வரவேண்டும் என்றால் மேற்கோள் குறிக்குள் போடணும், மருந்து சம்பந்தப்பட்டது வேண்டாம் என்றால் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி. இவ்வளவுதான். 1970களில் தமிழ்நாட்டுக் கரையில் நடந்த பாசி வளக் கணக்கெடுப்பு முதற்கொண்டு அன்று சாயங்காலத்துக்குள் என் கைக்கு வந்தது, 6,000 ரூபாய்ப் பென்டிரைவில் வராதது.

இன்னும் மூன்று விஷயம் அவரிடம் கற்றது. கூகுள் ஸ்காலரில் ஒவ்வொரு கட்டுரைக்கும் கீழே 'சைட்டட் பை' என்று இருக்கும். அதை அழுத்தினால், அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டிப் பின்னால் வந்தவை எல்லாம் வரும். கட்டுரையின் கடைசியில் இருக்கும் பட்டியலைப் பார்த்தால் அதற்கு முன்னால் வந்தவை கிடைக்கும். நல்ல கட்டுரை ஒன்றே ஒன்று கையில் இருந்தால் போதும், முன்னும் பின்னும் போய்க்கொண்டே இருக்கலாம். 'ஆல் வெர்ஷன்ஸ்' என்று ஒன்று இருக்கும், பணம் கேட்கிற கட்டுரையின் இலவசப் பிரதி பல தடவை அதற்குள்தான் ஒளிந்திருக்கும். அதிலும் இல்லையென்றால் எழுதியவருக்கே மெயில் போட்டுவிடலாம். முதல் பக்கத்தில் முகவரி இருக்கும். நான் இன்னார், இன்ன தலைப்பில் ஆய்வு செய்கிறேன், உங்கள் கட்டுரை தேவை என்று மூன்று வரி. பெரிய ஆட்கள் பதில் போடுவார்களா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. போட்டார்கள். ஒருவர் நான் கேட்காத இரண்டு கட்டுரைகளையும் சேர்த்து அனுப்பி, முடித்ததும் ஆய்வேட்டை அனுப்பு என்று எழுதியிருந்தார். அரசு நிறுவனத்தில் படிக்கிறவர்களுக்கு இப்போது இன்னும் வசதி. 2025 ஜனவரியிலிருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் ஏறக்குறைய 13,000 இதழ்கள் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. உங்கள் கல்லூரி அதில் இருக்கிறதா, வீட்டிலிருந்து நுழைய வழி உண்டா என்று நூலகத்தில் நேராகவே கேளுங்கள். அவர்களாக வந்து சொல்வார்கள் என்று காத்திருந்தால் படிப்பே முடிந்துவிடும்.

சோத்கங்கா பற்றி ஒரு வார்த்தை. இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை யூஜிசியின் இன்ஃப்லிப்நெட் மையம் அதில் சேர்த்து வைத்திருக்கிறது. முதல் வாரமே போய் உங்கள் தலைப்பில் ஏற்கெனவே யாராவது செய்திருக்கிறார்களா என்று பார்த்துவிடுங்கள். தமிழில் எழுதிய ஆய்வேடுகள் பல, ஸ்கேன் செய்தவையாகவோ பழைய எழுத்துருவில் அடித்தவையாகவோ இருப்பதால் உள்ளே இருக்கிற சொல்லைத் தேடினால் சிக்காது. துறை, பல்கலைக்கழகம் என்று போய் தலைப்புகளைக் கண்ணால் ஓட்டிப் பார்ப்பதுதான் வழி. பொறுமை வேண்டும்.

துணைநூற்பட்டியல் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் கையால் அடித்து வைத்திருந்தேன். கைடு வேறு பாணிக்கு மாற்றச் சொன்னார், மாற்றினேன். அப்புறம் ஆலோசனைக் குழுவில் ஒருவர் இன்னொரு பாணி சொன்னார். காற்புள்ளி, முற்றுப்புள்ளி மாற்றியே ஒரு கோடை போனது. சோட்டிரோ என்ற இலவச மென்பொருள் இதை ஒரு சொடுக்கில் செய்துவிடும். முதல் கட்டுரையைச் சேமிக்கும் நாளிலேயே அதைப் போட்டுவிடுங்கள்.

அடுத்தது இதழ். யூஜிசியின் 2022 விதிகளில், ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட்டே ஆகவேண்டும் என்ற கட்டாயம் எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியாக அதை வைத்துக்கொள்ளலாம், எனக்கு இருந்தது. வாட்ஸப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. கேள்விப்பட்ட இதழின் பெயர், அதே ஐஎஸ்எஸ்என் (இதழின் அடையாள எண்), அட்டைப்படமும் அதேதான். இரண்டே நாளில் கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம், 7,500 ரூபாய் ஜிபேயில் போனது. அது நிஜ இதழின் பெயரைத் திருடி யாரோ நடத்திய போலித்தளம். குழுவில் ஒருவர் நிஜ இதழின் உள்ளடக்கப் பக்கத்தைக் காட்டச் சொன்னபோதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. பணம் திரும்பவில்லை. நல்லவேளை, கட்டுரையைப் பிறகு முறையான இதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது, அதற்கு எட்டு மாதம் பிடித்தது, காசு கேட்கவில்லை. யாரோ அனுப்பிய லிங்க் வழியாக எந்த இதழுக்குள்ளும் போகாதீர்கள். ஐஎஸ்எஸ்என் இணையவாசலில் எண்ணைப் போட்டு, பதிப்பாளர் யார் என்று பார்த்து, அங்கிருந்து இதழின் தளத்துக்குப் போங்கள். ஆசிரியர் குழுவில் பெயர் இருக்கிற ஒருவருக்கு அவருடைய கல்லூரி மெயிலில் எழுதி, நீங்கள் நிஜமாகவே இந்தக் குழுவில் இருக்கிறீர்களா என்று கேட்கலாம், அதில் ஒன்றும் மரியாதைக் குறைவு இல்லை. நம்பகமான இதழ்கள் என்று வெளியிட்டுவந்த கேர் பட்டியலை யூஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டதால், 'கேர் லிஸ்டட்' என்று இன்றும் விளம்பரம் செய்கிறவர்களைக் கண்டால் ஒதுங்கிவிடுங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போடுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால்தான் பணத்தை நிறுத்திவைக்கக் கொஞ்சமாவது வாய்ப்பு உண்டு.

எல்லாவற்றையும்விட என்னை உலுக்கியது ஒப்புமைச் சோதனை, அதாவது நாம் எழுதியது வேறு எதோடாவது ஒத்துப்போகிறதா என்று மென்பொருளில் ஓட்டிப் பார்ப்பது. ஆய்வேட்டை முடித்த கையோடு, பல்கலைக்கழகத்தில் கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ராமநாதபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் கொடுத்தேன். 1,200 ரூபாய். 36 சதவீதம் என்று அறிக்கை வந்தது. யூஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரைதான் அனுமதி. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கணும், 40 முதல் 60 வரை என்றால் ஒரு வருடம் கொடுக்கவே முடியாது, 60க்கு மேல் போனால் பதிவே ரத்து. எனக்குக் கைகால் ஓடவில்லை. உட்கார்ந்து வரிவரியாக மாற்றி எழுத ஆரம்பித்தேன், நல்லாயிருந்த வாக்கியங்களையெல்லாம் கெடுத்தேன். துணைநூற்பட்டியலையும் மேற்கோள் குறிக்குள் இருப்பவற்றையும் கழிக்காமல் அந்த ஆள் ஓட்டியிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. விதியே அவற்றைக் கழிக்கச் சொல்கிறது. பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, தொடர்ச்சியாக 14 சொற்கள் வரையிலான தற்செயல் ஒற்றுமை எல்லாம்கூடக் கணக்கில் வராது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. திருத்தியதைப் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சோதித்தபோது 94 சதவீதம் வந்தது. பிரவுசிங் சென்டர்க்காரர் யாருடைய கணக்கிலோ என் வரைவை ஏற்றியிருக்கிறார், அது அந்த மென்பொருளின் சேமிப்பில் போய் உட்கார்ந்துவிட்டது. இப்போது என் ஆய்வேடு என் ஆய்வேட்டோடே ஒத்துப்போகிறது. வேறொரு நிறுவனத்தில் கொடுக்கப்பட்ட மாணவர் படைப்பு என்று அறிக்கை காட்டியது. அலுவலகத்தில் இருந்தவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா, "உன் பொருளை நீயே திருடிட்டியாக்கும்?" என்றாள். அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நீக்கச் சொல்லிக் கேட்டால், எந்த நிறுவனத்தின் கணக்கில் ஏற்றப்பட்டதோ அவர்கள் கேட்டால்தான் நீக்க முடியும் என்றார்கள். சென்டர்க்காரர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார். கடைசியில் என்னிடம் இருந்த 1,200 ரூபாய் ரசீது, முதல் அறிக்கையின் தேதி, கைடின் கடிதம், என் கணினியில் இருந்த பழைய வரைவுகளின் தேதிகள் எல்லாவற்றையும் வைத்து மனு எழுதி, குழு கூடி, அந்த ஒரு மூலத்தை மட்டும் கழித்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். 7 சதவீதம். ஆக, முதலிலிருந்தே எதையும் மாற்றியிருக்க வேண்டியதில்லை. இதற்கிடையில் ஆய்வுக்காலம் முடிந்து, நீட்டிப்புக் கட்டணமும் கட்டியாகிவிட்டது.

இதற்கான மென்பொருளைச் சோத்சுத்தி என்ற திட்டத்தில் இன்ஃப்லிப்நெட் 2019இலிருந்து பல்கலைக்கழகங்களுக்கு இலவசமாகவே கொடுக்கிறது. அதனால் வெளியில் யாரிடமும் ஒரு பக்கம்கூடக் கொடுக்காதீர்கள். அத்தியாயம் முடிய முடிய உங்கள் நூலகத்தில், கைடு மூலமாகவே கொடுத்துப் பாருங்கள். கொடுக்கும்போது, சேமிப்பில் வைக்க வேண்டாம், சேமிக்காமல் ஓட்டிக் கொடுங்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். சதவீதத்தை மட்டும் கேட்காமல் முழு அறிக்கையையும் வாங்குங்கள். எந்த வரி எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தால்தான் பயப்பட வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்று தெரியும். ஊர்ப்பெயரும் திட்டத்தின் முழுப்பெயரும் நிறம் மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். ஒரு பத்தி முழுக்க ஒரே நிறத்தில் இருந்தால் அதைத்தான் கவனிக்கணும். பழைய வரைவுகளை அழிக்காமல் தேதியோடு வையுங்கள், எனக்குக் கைகொடுத்தது அதுதான்.

நூலகர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பல கல்லூரிகளில் ஒரே ஆள்தான், புத்தகம் கொடுத்து வாங்குவதும் அவர்தான், கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது என்றால் ஃபைல் தயார் பண்ணுவதும் அவர்தான். வருடத்துக்கு ஒரு பயிலரங்கு நடத்திப் போட்டோ எடுத்தால் அறிக்கையில் ஒரு வரி ஏறும், சனிக்கிழமை மத்தியானம் நாலு பேரோடு உட்கார்ந்தால் எங்கேயும் ஏறாது. அதனால் நாமாகப் போய்க் கேட்டால்தான் நடக்கும். தனியாகப் போனால் 'அப்புறம் பார்க்கலாம்' என்பார்கள். நாலு பேர் சேர்ந்து, ஆளுக்கொரு தலைப்போடு, எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். சேர்ந்த முதல் இரண்டு மாதத்துக்குள் தேடல், கட்டுரை எழுதும் சமயத்தில் இதழ், ஆய்வேடு கொடுப்பதற்கு ஆறு மாதம் முன்னால் ஒப்புமைச் சோதனை என்று மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டினால் ஒன்றும் தங்காது. தமிழில் சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேட்கவும் தயங்க வேண்டாம். திரையில் இருப்பது ஆங்கிலமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இப்போது நான் கௌரவ விரிவுரையாளராக இருக்கிற இடத்தில் நூலகரோடு சேர்ந்து இப்படித்தான் உட்காருகிறோம். மடிக்கணினி இல்லாதவர்கள் போனிலேயே தேடலாம், சோட்டிரோவை மட்டும் நூலகக் கணினியில் போட்டுக் காட்டுகிறோம். வருகிறவர்களிடம் கேட்பது இரண்டுதான். தலைப்பை ஒரு வரியில் எழுதிக் கொண்டுவரணும், அந்தத் தலைப்பில் இதுவரை படித்ததில் பிடித்த கட்டுரை ஒன்றைக் கொண்டுவரணும். இன்னும் எதுவும் படிக்கவில்லை என்றால் அதையும் சொல்லலாம், அங்கிருந்தே தொடங்கிக்கொள்ளலாம். காற்றுக் காலத்தில் கரண்ட் போய்விடும் என்பதால் போனில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வரச் சொல்கிறோம். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் போகிற பிள்ளைகளுக்கு பஸ் தவறக் கூடாது, அதனால் நாலரைக்கெல்லாம் முடித்துவிடுகிறோம்.